ஆதார்ல யார் எட்டிப் பாக்கலாம், நாம எதைப் பூட்டலாம்

போலீஸ் நெனச்சா நம்ம ஆதார் டேட்டாவ எடுத்துடுவாங்களான்னு நெறைய பேர் கேக்குறாங்க, அதனால மொதல்ல சட்டத்த சொல்லிட்டு அப்புறம் போனுக்கு வரேன்.

2016 ஆதார் சட்டத்துல 33வது பிரிவுன்னு ஒன்னு இருக்கு, விதிவிலக்கு எல்லாம் அதுலதான். ஸ்டேஷன்ல இருந்து ஒரு லெட்டர் போட்டா ஆணையம் (ஆதார நடத்துற UIDAI) எடுத்துக் குடுக்க முடியாது, கோர்ட் ஆர்டர் வேணும். முன்னாடி மாவட்ட நீதிபதி போதும்னு இருந்துச்சு, 2018 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து 2019ல சட்டத்த திருத்துனதுக்கு அப்புறம் ஹைகோர்ட் நீதிபதி லெவல்ல ஆர்டர் இருந்தாதான் உண்டு, அதுவும் உங்க தரப்பையும் கேட்டுட்டுதான் போடணும். கோர்ட் ஆர்டர்ல கூட கைரேகை, கருவிழி வெளிய போகாது. 2014லயே கோவா கேஸ் ஒன்னுல சிபிஐக்கு கைரேகை டேட்டா குடுக்கச் சொன்ன ஆர்டர சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வச்சது.

இன்னொரு வழி தேசப் பாதுகாப்பு. இதுக்கு கோர்ட் வேணாம், மத்திய அரசுல செக்ரட்டரி ரேங்க்ல இருக்குற அதிகாரி உத்தரவு போட்டா போதும், கேபினட் செக்ரட்டரி தலைமைல ஒரு கமிட்டி அத சரிபாக்கணும், மூணு மாசம் செல்லும், மறுபடி பாத்துட்டு நீட்டிக்கலாம். உங்களுக்கு தகவல் சொல்லணும்னு அதுல ஒரு வரி கூட இல்ல. எனக்கு உறுத்துறது என்னன்னா, கூட ஒரு நீதித்துறை அதிகாரி இருக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியும் திருத்தத்துல ரேங்க மட்டும் ஏத்திட்டு அத விட்டுட்டாங்க, கமிட்டில இருக்குறவங்க எல்லாருமே அதிகாரிங்கதான்.

இந்தக் கதவ நாம பூட்ட முடியாது. ஆனா அந்தப் பக்கம் எவ்வளவு ரெக்கார்ட் சேருதுங்கறது கொஞ்சம் நம்ம கைல இருக்கு. ஒவ்வொரு தடவ கைரேகை வைக்கும்போதும் ஓடிபி அடிக்கும்போதும் எந்த நிறுவனம், எந்த தேதி, எத்தன மணின்னு ஆணையத்துல ஒரு பதிவு விழுது. எதுக்காகன்னு பதியக் கூடாதுன்னு சட்டம் சொல்லுது, ஆனா பேங்க் பேரோ சிம் கம்பெனி பேரோ இருந்தா யாருக்கும் தெரிஞ்சிடும்ல. இந்தப் பதிவ ஆறு மாசத்துக்கு மேல வைக்கக் கூடாதுங்கறதும் அதே 2018 தீர்ப்புதான். அதனால வெறும் அடையாளம் காட்டுற எடத்துல கைரேகை வைக்காதீங்க, கார்டுல இருக்குற க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணிக்கச் சொல்லுங்க, அது ஆணையத்தோட சர்வருக்குப் போகாம அங்கயே சரிபாக்குறது.

இப்ப போன எடுங்க. ஆதார்ல பதிஞ்ச நம்பர் கைல இருந்தாதான் இதெல்லாம் நடக்கும், பழைய நம்பர்னா மொதல்ல சென்டருக்குப் போய் மாத்துங்க. ஆணையத்தோட மைஆதார் தளத்துல லாகின் பண்ணி பயோமெட்ரிக் லாக், அதாவது கைரேகை, கருவிழிக்குப் பூட்டு போடுங்க, ரொம்ப முக்கியமானது இதுதான், ஏன்னா நிலப் பத்திரத்துல வச்ச ரேகைய காப்பி எடுத்து, ரேகை வச்சா பணம் தர்ற பேங்க் மிஷின்ல பணத்த உருவுற கும்பல் இருக்கு, லாக் இருந்தா அது நடக்காது. ரேஷன் கடைக்குப் போறப்ப மட்டும் தற்காலிகமா திறந்துக்கலாம், பத்து நிமிஷத்துல அதுவா பூட்டிக்கும். வீட்டுல பெரியவங்க ரேகை வச்சு ரேஷன் வாங்குறவங்கன்னா அவங்களுக்கு இத சொல்லிக் குடுத்துட்டு பூட்டுங்க, இல்லன்னா கடையில போய் திருதிருன்னு முழிப்பாங்க.

ஜெராக்ஸ் குடுக்கணும்னா மாஸ்க்டு ஆதார டவுன்லோட் பண்ணுங்க, கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியும். 2022 மே மாசம் ஆணையத்தோட பெங்களூர் ஆபீஸே முழு ஜெராக்ஸ் குடுக்காதீங்கன்னு அறிக்கை விட்டு ரெண்டே நாள்ல வாபஸ் வாங்குனாங்க, அவங்க வாங்குனா என்ன, சொன்னது சரிதான். டவுன்லோட் ஆகுற பிடிஎஃப்போட பாஸ்வேர்ட் உங்க பேரோட மொத நாலு எழுத்தும் பொறந்த வருஷமும், உங்களத் தெரிஞ்ச எவனும் திறந்துடுவான், அதனால பிரவுசிங் சென்டர்ல எடுத்தா அழிச்சிட்டு ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணுங்க. நம்பரே கேட்டா ஆதார் நம்பருக்குப் பதிலா செல்லுற 16 இலக்க விர்ச்சுவல் ஐடி குடுக்கலாம், வேணும்னா புதுசா மாத்திக்கலாம், ஆனா கவுன்டர்ல இருக்குறவருக்கு அது என்னன்னு தெரியலன்னா கொஞ்சம் வாதாடணும்.

அப்புறம் அதே தளத்துல ஆத்தென்டிகேஷன் ஹிஸ்டரி பாருங்க, கடைசி ஆறு மாசத்துல யார் யார் கேட்டாங்கன்னு வரும். தெரியாத பேர் இருந்தா உடனே பதறாதீங்க, சில சமயம் பேங்க் பேருக்குப் பதிலா வேற ஏஜென்சி பேர் காட்டும், அந்தத் தேதில நீங்க என்ன பண்ணீங்கன்னு யோசிங்க. ஒன்னுமே ஒத்துப் போகலன்னா ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு ஆதார் ஹெல்ப்லைன் 1947க்கு அடிச்சு புகார் பதியுங்க, பணமும் போயிருந்தா அதுக்கு முன்னாடி சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க. முன்னாடி ஆதார் சட்டத்துல ஆணையம் மட்டும்தான் கோர்ட்டுக்குப் போக முடியும், 2019க்கு அப்புறம் பாதிக்கப்பட்ட நீங்களே போகலாம், அதனால புகார் நம்பர பத்திரமா வச்சுக்கோங்க.