குடியை விட்டவர்களுக்குப் பின்னேரக் குறிப்பு

திருகோணமலையில் கடலால் வந்த களைப்பு, வெறும் வயிறு, கையில் காசு மூன்றும் சேர்ந்தால் கால் தானாகத் தவறணைப் பக்கம் திரும்பும். முதலில் சாப்பிடுங்கோ; பாணும் பருப்பும் போதும். காசை வீட்டில் குடுத்துவிட்டு, முன்பே குடியை விட்ட ஒருத்தருக்குப் போன் எடுங்கோ. ஆசை வந்த பிறகில்லை, வர முன்னமே. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் குடிக்கு அடிமையான இருவர் இப்படி மனம்விட்டுப் பேசித்தான், குடியை விட ஒருத்தருக்கொருத்தர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு தொடங்கியது.

காலையில் கோணேசர் கோயிலோ, தேவாலயமோ, பள்ளிவாசலோ, "இன்றைக்கு மட்டும் குடிக்கமாட்டேன்" என்று கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போங்கோ. வாழ்நாள் சத்தியத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை. இன்னும் குடியை விடாதவர்களுக்கு ஒன்று: நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம். நிறுத்த முன்னம் டொக்டரிடம் காட்டுங்கோ.