ஸ்காட்லாந்துல வேட்டை எஸ்டேட் வாங்குறவங்க பண்ற தப்புங்க (பெரிய தப்பு நான் பண்ணது)

போன மாசம் ஒரு அண்ணன் தம்பி போன் பண்ணாங்க. லண்டன்ல கம்பெனி ஒண்ணை நல்ல விலைக்கு வித்துட்டு கையில காசோட இருக்காங்க. ஹைலேண்ட்ஸ் மலைப் பக்கம் ஒரு பழைய எஸ்டேட் விலைக்கு வந்திருக்காம், 9,000 ஏக்கர், விக்டோரியா காலத்து லாட்ஜ் (வேட்டைக்கு வர்றவங்க தங்குற பங்களா), மான் வேட்டை, ஆறு, எல்லாம். ப்ரோஷரை வாட்ஸ்ஆப்ல அனுப்பினாங்க. ரெண்டாம் பக்கத்துல ஒரு வரி, "மூணு மைல் நீளத்துக்கு ஆத்தங்கரை". பக்கத்துலயே தொடை வரைக்கும் தண்ணியில நின்னு தூண்டில் வீசுற ஆளோட போட்டோ. அதைப் பாத்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, ஏன்னா இதே மாதிரி ஒரு வரி, இதே மாதிரி ஒரு போட்டோ, நான் இந்த எஸ்டேட் வாங்கித் தர்ற தொழிலுக்கு வந்த புதுசுல என் வேலையையே காவு வாங்கப் பாத்துச்சு.

கூரை ஒழுகுதா, ஜூன் மாசம் மட்டும் போய்ப் பாக்காதீங்க, இதெல்லாம் நான் சொல்லத் தேவையில்ல. கோடிக்கணக்குல போடுறவங்களுக்கு அந்தளவு தெரிஞ்சிருக்கும். தெரியாததைச் சொல்றேன்.

ஏக்கரைப் பாத்து மயங்குறது

நம்ம ஆளுங்களுக்கு 9,000 ஏக்கர்னு கேட்டதும் மனசுல நஞ்சை புஞ்சைன்னு விரியும். இங்க அது பெரும்பாலும் பாறை, சதுப்பு, ஹெதர் புதர். மான் வேட்டைக்கான நிலத்தை "டியர் ஃபாரஸ்ட்"னு சொல்லுவாங்க, போய்ப் பாத்தா ஒத்தை மரம் இருக்காது. பேர் அப்படி. 1852ல ஆல்பர்ட் இளவரசர் பால்மோரலை வாங்கினாரு, ரயிலும் வடக்க வந்துச்சு, அதுக்கப்புறம் இங்கிலாந்துப் பணக்காரன் ஒவ்வொருத்தனுக்கும் மலைக்கு நடுவுல ஒரு லாட்ஜ் வேணும்னு ஆகிப்போச்சு. அப்ப வந்த கணக்குதான் இன்னைக்கும் ஓடுது. வருஷத்துக்கு எத்தனை ஸ்டாக், அதாவது ஆண் மான், எத்தனை ஜோடி க்ரௌஸ் பறவை, எத்தனை சால்மன் மீன். இந்த மூணோட அஞ்சு வருஷ, பத்து வருஷ சராசரியும் லாட்ஜும் சேந்துதான் விலையைத் தூக்கும். ஏக்கர் ப்ரோஷர் அட்டைக்கு.

ஆத்தங்கரை உங்களோடது, சால்மன் வேறவனோடது

இதைப் பத்தி நான் நிறையவே பேசுவேன், பொறுத்துக்கோங்க.

ஸ்காட்லாந்து சட்டத்துல சால்மன் பிடிக்கிற உரிமை தனிச் சொத்து. நிலத்தோட ஒட்டினது கிடையாது, கரையோட ஒட்டினதும் கிடையாது, ஆத்துப் படுகை உங்க பேர்ல இருந்தாலும் சரி. ஆதியில எல்லாச் சால்மன் உரிமையும் அரசரோடது, அவர் யாருக்குக் குடுத்தாரோ அவங்க வழியா கைமாறி வந்தது. தனியா விக்கலாம், தனியா எழுதி வெக்கலாம், தனிப் பத்திரம் இருக்கும். ட்ரௌட் மீன் அப்படி இல்ல, அது பொதுவா கரைக்காரனுக்கு வரும். நம்ம ஊர் கண்மாயை யோசிங்க. கரையில பட்டா வெச்சிருக்கவர் ஒருத்தர், மீன் ஏலம் எடுத்தவர் இன்னொருத்தர், பட்டாக்காரர் வலை போட்டா ஏலக்காரர் சும்மா விடுவாரா? ஒரே வித்தியாசம், அங்க ஏலம் குறிப்பிட்ட காலத்துக்கு, இங்க உரிமை தலைமுறை தலைமுறையா.

என் கதைக்கு வர்றேன். 2008. ஒரு லேண்ட் ஏஜென்ட் ஆபீஸ்ல ஜூனியரா இருந்தேன், வாங்குறவர் பக்கம். அவர் வேட்டைக்குன்னு வரல, சால்மனுக்காகவே வந்தவர். 1922ல டே ஆத்துல (ஆமா, ஆத்தோட பேரே டே) ஜார்ஜினா பாலன்டைன்ங்கிற பொண்ணு 64 பவுண்டு சால்மனைப் பிடிச்சா, 29 கிலோ, பிரிட்டன்ல தூண்டில் ரெக்கார்டு, இன்னைக்கு வரைக்கும் உடையல. அந்தக் கதையை என்கிட்ட நாலு தடவை சொல்லியிருப்பார். பத்திரத்தைப் புரட்டினேன், பழைய சசீன்ஸ் ரெஜிஸ்டர் (ஸ்காட்லாந்தோட பழைய பத்திரப் பதிவேடு) பத்திரம், அதுல "மீன்பிடிப்புகளோடு சேர்த்து"ன்னு ஒரு வார்த்தை இருந்துச்சு. நான் ஜம்முனு "மீன் உரிமை இருக்கு"ன்னு குறிப்பு எழுதிட்டேன். வக்கீல் அம்மா ஒரு மெயில் போட்டாங்க, இதுல சால்மன்னு தனியா சொல்லலையே, விக்கிறவர் உண்மையிலேயே பிடிச்சிட்டு வந்தாரான்னு விசாரிக்கணுமேன்னு. க்ளோசிங் டேட்டுக்கு, அதாவது ஆஃபர் போடுற கடைசி நாளுக்கு, நாலு நாள்தான் இருந்துச்சு, நான்தான் அவங்களை அவசரப்படுத்தினேன். போட்டோல ஆள் நிக்கிறானே, அப்புறம் என்னன்னு. இதை எழுதும்போது இப்பவும் கன்னத்துல அறைஞ்சுக்கணும் போல இருக்கு.

பணம் கட்டி, சாவி வாங்கி, ஏப்ரல் மாசம். காலையில எட்டு மணிக்குப் பாலத்துக்கிட்ட ஒரு லேண்ட்ரோவர் வந்து நிக்குது, வேடர்ஸ் (தண்ணியில இறங்கப் போடுற நீளமான ரப்பர் பூட்ஸ்) போட்ட ஒரு பெரியவர், கூட ரெண்டு விருந்தாளி, லாட்ஜ் ஜன்னலைத் தாண்டி கரையோரமா நடந்து வந்து "குட் மார்னிங்"னு தொப்பியைத் தொட்டுட்டு தண்ணியில இறங்கிட்டாங்க. நம்மாளு போலீஸைக் கூப்பிட்டார். போலீஸ் வந்து பெரியவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு, நம்மாளுகிட்ட வந்து, சார், உங்க வக்கீலைப் பாருங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு தலைமுறைக்கு முன்னாடியே, வாரிசு வரி கட்டக் காசில்லாம, அந்த எஸ்டேட்காரங்க சால்மன் உரிமையை மட்டும் கீழ்ப்பக்கத்து எஸ்டேட்டுக்கு வித்திருக்காங்க. அந்தப் பெரியவர்கிட்ட சுத்தமான பத்திரம், நம்மகிட்ட மொட்டையா ஒரு வார்த்தை. "மீன்பிடிப்புகள்"னு பொதுவா எழுதியிருந்தா அதோட வருஷக்கணக்கா யாரும் தடுக்காம சால்மன் பிடிச்சிட்டும் வந்திருக்கணும், அப்பதான் அது சால்மன் உரிமையா முத்தும். விக்கிறவர் பிடிச்சதே இல்ல. போட்டோல நின்ன ஆள் பக்கத்து எஸ்டேட் விருந்தாளியாம், அதாவது கேமரா பொய் சொல்லல, நான்தான் கேக்கல.

இதோட முடியல. சால்மன் உரிமை வெச்சிருக்கவருக்கு அதைப் பயன்படுத்தத் தேவையான அளவுக்கு உங்க கரையில நடக்குற உரிமையும் கூடவே வரும். நீங்க உங்க வாசல்ல நின்னு சால்மனுக்குத் தூண்டில் போட்டீங்கன்னா அது குற்றம், கிரிமினல் குற்றம். கடல் ட்ரௌட்டும் சட்டத்துக்கு சால்மன் கணக்குதான். சாதா ட்ரௌட் பிடிச்சுக்கலாம், அதுவும் அவருக்கு இடைஞ்சல் இல்லாம. அவர் கரையில நடப்பார், நீங்க ஜன்னல் வழியா வேடிக்கை பாக்கலாம். என் க்ளையன்ட் ரெண்டு சீசன் அப்படி வேடிக்கை பாத்துட்டு வித்துட்டுப் போயிட்டார், நஷ்டத்துக்கு.

சரி, உரிமை உங்களுக்கே இருக்குன்னு வைங்க. ரெண்டு கரைக்குமா, ஒரு கரைக்கா? எதிர்க்கரை உரிமை வேறவங்களோடதுன்னா நடு ஆறுதான் எல்லை. தூண்டிலை அந்தக் கோட்டைத் தாண்டி வீசலாமாங்கிற சண்டை, அதே டே ஆத்துல ஆரம்பிச்சு, 1984ல ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் வரைக்கும் போச்சு. வீசக் கூடாதுன்னு தீர்ப்பு. சில இடத்துல ரெண்டு பக்கமும் பேசிவெச்சு காலையில நீ, மத்தியானம் நான்னு மாத்திக்கிறாங்க, அந்த ஒப்பந்தம் பேப்பர்ல இருக்கா வாய்வார்த்தையான்னு பாருங்க. இன்னும் சில பீட்ல, அதாவது ஆத்தைப் பங்கு போட்ட துண்டுகள்ல, உரிமையை வாரக் கணக்குல வெட்டி டைம்ஷேரா வித்திருப்பாங்க. நல்ல மீன் வர்ற வாரமெல்லாம் எப்பவோ போயிருக்கும்.

இப்ப நான் என்ன பண்றேன்னா, ப்ரோஷரைத் திறக்குறதுக்கு முன்னாடியே மூணு கேக்குறேன். பத்திரத்துல "சால்மன்"ங்கிற வார்த்தை எந்தப் பக்கத்துல இருக்கு. கேம் புக்ல, அதாவது அந்த எஸ்டேட்ல பிடிச்சது சுட்டது எல்லாம் எழுதி வெக்கிற நோட்டுல, சால்மன் பக்கம் எங்க. அப்புறம், அந்த ஆத்து ஃபிஷரி போர்டுக்குக் கட்டின வரி ரசீது. இந்த மூணாவது யாருக்கும் தோணாது. சால்மன் உரிமைக்காரங்ககிட்டதான் போர்டு வருஷா வருஷம் வசூல் பண்ணும், ரசீது வேற பேர்ல வருதுன்னா கதை அங்கயே முடிஞ்சுது.

மானுக்கும் இதே பூதம் உண்டு. பழைய ஜமீன் மாதிரியான நிலமுறையை இங்க 2004 நவம்பர் 28 அன்னைக்குத்தான் ஒழிச்சாங்க. அதுக்கு முன்னாடி சில பழைய மேல்நிலைக்காரங்க (நம்ம ஜமீன்தார் மாதிரி) நோட்டீஸ் பதிஞ்சு, வேட்டை உரிமையை மட்டும் தனிச் சொத்தா காப்பாத்தி வெச்சுக்கிட்டாங்க. உங்க மலைல வேற ஒருத்தர் சுடலாம். தேடிப் பாருங்க.

பழைய சராசரியை நம்புறது

2023ல ஸ்காட்லாந்து முழுக்கத் தூண்டில்ல சிக்கினதா பதிவான சால்மன் சுமார் 33,000. 1952ல கணக்கு ஆரம்பிச்சதுல இருந்து அதுதான் கம்மி. பத்து வருஷ சராசரின்னு அச்சடிச்சிருந்தா அதுல நல்ல காலம் எவ்வளவு கலந்திருக்குன்னு வருஷ வாரியா வாங்கிப் பாருங்க. 2016ல இருந்து ஆறுகளுக்கு 1, 2, 3னு கிரேடு போடுறாங்க, 3ன்னா பிடிச்ச ஒவ்வொரு மீனையும் திருப்பி விட்டே ஆகணும். குழம்பு வெக்கிற ஆசை இருந்தா இதை முதல்லயே கேட்டுடுங்க.

நிலத்துல இருக்குற ஆளுங்களை மறக்குறது

வடமேற்குப் பக்கம் வாங்கினா க்ரோஃப்டர்ங்க இருப்பாங்க, சின்ன விவசாயக் குத்தகைக்காரங்க. 1886 சட்டத்துல இருந்து அவங்களைக் கிளப்ப முடியாது, பிள்ளைங்களுக்கும் குத்தகை போகும். 1976ல இருந்து வருஷ வாடகை மாதிரி 15 மடங்கு குடுத்து அவங்களே நிலத்தை வாங்கிக்கலாம். வாடகையோ காபி செலவுக்குக் கூடப் பத்தாது, 15 மடங்கு எவ்வளவுன்னு நீங்களே போட்டுப் பாருங்க. இது அநியாயம்னு என்கிட்ட புலம்பாதீங்க, அவங்க தாத்தாக்களைக் குடிசையோட விரட்டிட்டு ஆடும் மானும் விட்ட நிலம் இது, அந்தச் சட்டம் சும்மா வரல.

ஊர்க்காரங்க சேந்து வாங்குறதும் உண்டு. அசின்ட்ல 1993ல க்ரோஃப்டர்ங்களே எஸ்டேட்டை வாங்கினாங்க, எக் தீவை 1997ல தீவுக்காரங்க. 2003 சட்டத்துக்கு அப்புறம் ஊர் அமைப்பு ஒரு நிலத்து மேல விருப்பம் பதிஞ்சிருந்தா விக்கும்போது முதல் வாய்ப்பு அவங்களுக்கு. அந்த ரெஜிஸ்டர் பொதுவுலயே இருக்கு. பாக்காம ஆஃபர் போட்டு ஆறு மாசம் காத்துக் கிடந்தவங்களை எனக்குத் தெரியும்.

கேட்டைப் பூட்டுறது

பூட்டாதீங்க. மலைல யார் வேணா நடக்கலாம், 2003 சட்டம்.

கில்லியை முதல் வருஷமே அனுப்புறது

கில்லின்னா தாண்டு அடிக்கிற கில்லி கிடையாது, ஆத்துல விருந்தாளி கூட நிக்கிற ஆள். மலையில மான் வேட்டைக்குக் கூட வர்றவர் ஸ்டாக்கர், பறவைக்குக் கீப்பர். செலவு குறைக்கிறேன்னு முதல்ல இவங்க மேலதான் கை வெப்பாங்க. முதல் விஷயம், எஸ்டேட் தொழிலா ஓடிட்டு இருந்தா அவங்க வேலை ஒப்பந்தம் உங்களோட சேந்தே வரும், இஷ்டத்துக்கு அனுப்ப முடியாது, வீடும் எஸ்டேட் வீடா இருக்கும். ரெண்டாவது, எந்தப் பாறைக்குப் பின்னாடி எந்தத் தண்ணி மட்டத்துல மீன் படுக்கும்ங்கிறது அந்த ஆள் மண்டையில மட்டும்தான் இருக்கு. எந்தப் பத்திரத்துலயும் எழுதியிருக்காது. ஒருத்தர் தன் கில்லியை அனுப்பினார், அந்தாள் அடுத்த வாரமே எதிர்க்கரையில வேலைக்குச் சேந்துட்டார், கூடவே பழைய விருந்தாளிங்க பாதிப் பேரும் எதிர்க்கரைக்குப் போயிட்டாங்க.

க்ரௌஸ் லைசன்ஸ்

2024ல இருந்து கட்டாயம். எஸ்டேட்ல கழுகு செத்துக் கிடந்த வரலாறு இருந்தா விசாரிக்காம தொடாதீங்க, கழுகைக் கொன்னாங்கன்னா லைசன்ஸே பறிபோகலாம்.

லெட்டர்தானேன்னு அசட்டையா இருக்குறது

இங்கிலாந்து பழக்கத்துல வர்றவங்க, ஆஃபர் போட்டுட்டு அப்புறம் பேரம் பேசலாம்னு நினைக்கிறாங்க. இங்க ரெண்டு பக்க வக்கீலும் எழுதிக்கிற லெட்டருக்கு மிஸிவ்ஸ்னு பேரு, அது முடிஞ்சுதுன்னா முடிஞ்சுது, பின்வாங்கினா நஷ்ட ஈடு. அதனால சால்மன் கேள்வியெல்லாம் அதுக்கு முன்னாடி.

ஞாயித்துக்கிழமை

சால்மன் பிடிக்கக் கூடாது. எந்த ஆத்துலயும்.

அந்த அண்ணன் தம்பி விஷயம். மூணு கேள்வியையும் எழுதிக் குடுத்து அனுப்பச் சொன்னேன். பத்து நாள் பதிலே இல்ல. அப்புறம் விக்கிறவர் வக்கீல்கிட்ட இருந்து ஒரு பாரா வந்துச்சு: கேம் புக்ல மான் பக்கம் இருக்கு, சால்மன் பக்கம் "தற்போது கிடைக்கவில்லை", போர்டு ரசீது பத்தி ஒரு வார்த்தை இல்ல. அண்ணன் சரி, மானுக்கு மட்டும் விலை பேசலாம்ங்கிறார். தம்பி மட்டும் ஏற்கனவே 15 அடி ஃப்ளை ராட், அதான் சால்மன் தூண்டில், ஒண்ணு ஆர்டர் பண்ணிட்டானாம், அதை என்ன பண்றதுன்னு என்கிட்ட கேக்குறான்.