கூறு பார்த்துச் சமைத்தல்: சென்னை வீடுகளுக்கான சிக்கனச் சமையல்

மாதச் செலவைக் குறைக்க விரும்பும் பலர், ஞாயிற்றுக்கிழமை மாலையில் அமர்ந்து வரும் வாரம் முழுவதற்குமான சமையலை எழுதி வைக்கிறார்கள். பார்வைக்கு ஒழுங்காகத் தோன்றும் இந்தப் பழக்கமே சென்னையில் செலவை ஏற்றிவிடுகிறது. ஏனெனில் செவ்வாய்க்கிழமை முருங்கைக்காய்ச் சாம்பார் என்று எழுதியவர், கார்த்திகை மழையில் முருங்கைக்காய் கைக்கெட்டாத விலைக்கு ஏறியிருந்தாலும் அதையே வாங்கிக்கொண்டு வருவார். எத்தனை பேருக்குச் சமையல், கையில் எவ்வளவு பணம் என்ற இரண்டை மட்டும் வீட்டில் தீர்மானித்துவிட்டு, குழம்பு எது, பொரியல் எது என்பதைக் காய்கறி வண்டியின் முன் நின்று முடிவு செய்வதே நல்லது. கூடவே, காய், பருப்பு, மீன் ஆகியவற்றில் மிச்சம் பிடிக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியைப் பெருங்காயம், நல்லெண்ணெய், வடகம் போன்ற மணப்பொருள்களுக்குத் தயங்காமல் கொடுத்துவிட வேண்டும். சிக்கனச் சமையல் பெரும்பாலும் சப்பென்று போவது, இவற்றிலும் கை இறுகிப்போவதால்தான்.

காய்கறியிலிருந்து தொடங்கலாம். 1996-இல் திறக்கப்பட்ட கோயம்பேடு சந்தைக்கு இரவு முழுவதும் லாரிகள் வந்து சேர்கின்றன. மொத்த வியாபாரம் விடியற்காலையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. இரண்டு கிலோ காய்க்காகத் தனியாக அங்கே பேருந்தில் சென்று வருவது, பயணச் செலவையும் நேரத்தையும் கணக்கிட்டால் லாபமாகாது. அடுக்குமாடியில் மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து, மாதம் இருமுறை ஒருவரை அனுப்பி, வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு போன்ற கெடாத பொருள்களை மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் மட்டுமே அது பயன்தரும். மற்ற நாள்களில் அவரவர் தெருமுனைக் கடையே போதும், ஆனால் மாலை ஏழு மணிக்குப் பிறகு செல்ல வேண்டும். மறுநாள் வரை வைத்திருக்க விரும்பாத காய்களை அப்போது கடைக்காரர்கள் கூறு கட்டி வைப்பார்கள். கூறு வாங்கும்போது மேலே இருப்பதைப் பார்த்து மயங்காமல், அடியில் இருப்பதைக் கையால் எடுத்துப் பார்க்க வேண்டும். பாதி அழுகிய கூறு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது விலை கூடிய காயே. வாங்கிய கூறு அன்றிரவே நறுக்கப்பட வேண்டும் அல்லது மறுநாள் காலையில் அடுப்பேற வேண்டும். கொசுறாகக் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இந்த ஊரில் இன்னும் சமையல் பழகவில்லை என்றே சொல்வேன்.

பரங்கிக்காய், சுரைக்காய், முள்ளங்கி, நூக்கல், சௌசௌ, முட்டைக்கோஸ் ஆகியவை சென்னையில் பெரும்பாலும் மலிவாகவே இருக்கின்றன. நூக்கலையும் சௌசௌவையும் விடுதிச் சாப்பாட்டோடு சேர்த்து வெறுத்தவர்கள் பலர் உண்டு. அந்த வெறுப்புக்குக் காரணம் காயன்று, அதைக் குழைய வேகவைத்ததே. நூக்கலின் தோலைத் தடிமனாகச் சீவி, சிறு சதுரங்களாக நறுக்கி, தேங்காய், சோம்பு, பச்சை மிளகாய், பொட்டுக்கடலை ஆகியவற்றை அரைத்து ஊற்றிக் குருமாவாக வைத்தால் சப்பாத்திக்கு அது உருளைக்கிழங்கைவிடப் பொருத்தமாக அமையும். முள்ளங்கியை எப்போதும் கீரையோடு வாங்க வேண்டும். கிழங்கு சாம்பாருக்கும் கீரை பாசிப்பருப்புப் போட்ட பொரியலுக்கும் ஆக, ஒரு விலையில் இரண்டு பதார்த்தங்கள் கிடைக்கும். பீர்க்கங்காயின் தோலை எண்ணெயில் வதக்கி, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், புளி சேர்த்துத் துவையலாக அரைக்கலாம்; கொத்தமல்லித் தண்டை ரசத்தில் நசுக்கிப் போடலாம்.

தக்காளிக்குத் தனியாகச் சில சொற்கள் தேவை. சென்னைக்கு வரும் தக்காளியில் பெரும்பகுதி ஆந்திரத்தின் மதனப்பள்ளி, கர்நாடகத்தின் கோலார் பகுதிகளிலிருந்து வருவதால், அங்கே மழை கொட்டினால் இங்கே விலை ஏறுகிறது. அந்த வாரங்களில் தக்காளியைக் குறைத்துப் போட்டு ஒப்பேற்றுவதைவிட, அது அறவே தேவைப்படாத சமையலுக்கு மாறிவிடுவது நல்லது. மோர்க்குழம்பு, சுண்டைக்காய் வற்றல் குழம்பு, எலுமிச்சை ரசம், மிளகுக் குழம்பு ஆகியவை புளிப்பை வேறிடத்திலிருந்து பெறுபவை. விலை சரிந்திருக்கும் வாரத்தில் நன்றாகப் பழுத்த 2 கிலோ தக்காளியை வாங்கி, எலுமிச்சை அளவு புளியோடு வேகவைத்து அரைத்து, 150 மி.லி. நல்லெண்ணெயில் கடுகு தாளித்து ஊற்றி, மிளகாய்த்தூள், உப்பு, வறுத்துப் பொடித்த வெந்தயம் சேர்த்து, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மிதக்கும்வரை கிளறினால், சில வாரங்களுக்குத் தொக்கு இருக்கும். ஈரக்கரண்டி படாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ரேஷன் கடை. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைகளுக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. அதனுடன் 1 கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும் 1 லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. இவ்வளவு இருந்தும், அரிசியை வாங்காமல் விட்டுவிடும் நடுத்தரக் குடும்பங்கள் நிறைய. ரேஷன் புழுங்கல் அரிசியின் உண்மையான மதிப்பு சோற்றில் இல்லை, இட்லியில் இருக்கிறது. 4 டம்ளர் அரிசிக்கு 1 டம்ளர் முழு வெள்ளை உளுந்தும் ஒரு தேக்கரண்டி வெந்தயமும் போதும். அரிசியை ஐந்தாறு முறை தேய்த்துக் கழுவி நான்கு மணி நேரமும், உளுந்தை ஒரு மணி நேரமும் ஊறவைத்து, கிரைண்டரில் முதலில் உளுந்தைக் குளிர்ந்த நீர் தெளித்துத் தெளித்துப் பந்துபோல் பொங்கும்வரை அரைத்தெடுக்க வேண்டும். பிறகு அரிசியைச் சன்ன ரவைப் பதத்தில் அரைத்து, உப்புச் சேர்த்து, கையால் நன்றாகக் கலக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஐந்தாறு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். மார்கழியில் இரவு முழுவதும் ஆகும். இந்த மாவில் வரும் இட்லியின் மென்மை, விலை கூடிய இட்லி அரிசியில் எனக்கு வாய்த்ததில்லை. கடையில் பொட்டலமாக விற்கும் மாவை வாரம் மூன்று முறை வாங்கும் குடும்பம், இந்த ஒரு மாற்றத்திலேயே மாதச் செலவில் வேறுபாட்டை உணரும்.

கழுவும்போது சில அரிசிகள் மேலே மிதப்பதைக் கண்டு, பிளாஸ்டிக் அரிசி என்று அஞ்சிச் சிலர் எறிந்துவிடுகிறார்கள். அவை இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவை சேர்த்து அரிசி மாவிலிருந்து செய்யப்பட்ட செறிவூட்டப்பட்ட மணிகள். நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலக்கப்படுபவை. அவற்றை எறியத் தேவையில்லை. சோறாக வடிக்கும்போது மூட்டை வாடை வந்தால், கடைசித் தண்ணீரை வெந்நீராக ஊற்றிக் கழுவி, கொதிக்கும் நீரில் அரிசியைப் போட்டு வடித்தால் வாடை பெருமளவு போய்விடும். குக்கரில் வைத்தால் வாடை உள்ளேயே தங்கும்.

துவரம்பருப்பு ஒரு கிலோவுக்கு மேல் தேவைப்படும் வீடுகளில் சாம்பாரை மாற்றி அமைக்கலாம். நால்வருக்கு 50 கிராம் துவரம்பருப்பும் 50 கிராம் பாசிப்பருப்பும் எடுத்து, அவற்றோடு ஒரு கையளவு பரங்கிக்காய்த் துண்டுகளையும், மஞ்சள்தூளும் சிறிது எண்ணெயும் சேர்த்துக் குழைய வேகவைத்துக் கடைந்துவிட வேண்டும். உணவகத்து டிபன் சாம்பாரின் இலேசான இனிப்புக்கும் கெட்டித்தன்மைக்கும் பாசிப்பருப்பும் பரங்கிக்காயுமே காரணம் என்பதால், இதைச் சிக்கனம் என்று விருந்தினர் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் இறக்கும்போது ஊற்றும் தாளிப்பில் ஏமாற்றக் கூடாது. கட்டிப் பெருங்காயத்தில் சுண்டைக்காய் அளவு கிள்ளி, சூடான எண்ணெயில் பொரித்து, நசுக்கிச் சேர்க்க வேண்டும். தூள் பெருங்காயத்தில் மாவும் பிசினும் கூடுதலாகச் சேர்ந்திருப்பதால், ஒரே மணத்துக்கு அதை அதிகமாகக் கொட்ட வேண்டியிருக்கும். கட்டி விலை கூடினாலும் பல மாதங்களுக்கு வரும். எண்ணெயிலும் அதே கணக்குதான். பொரிப்பதற்கும் வதக்குவதற்கும் ரேஷன் பாமாயில் போதும், ஆனால் புளிக்குழம்பை இறக்கும் நேரத்தில் பச்சையாக ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டால், குழம்பு முழுவதும் நல்லெண்ணெயில் வைத்ததுபோல் மணக்கும்.

இந்த மணப்பொருள்களின் வரிசையில் நான் முதலிடம் தருவது தாளிப்பு வடகத்துக்கு. சென்னையிலும் வடமாவட்டங்களிலும் பழைய வீடுகளில் கோடைதோறும் செய்துவந்த இதை இப்போது பலர் கடையில் வாங்குகிறார்கள் அல்லது மறந்தேவிட்டார்கள். சின்ன வெங்காயம் விலை இறங்கியிருக்கும் வாரத்தில் 1 கிலோ வாங்கி, தோலுரித்து, ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். அதனுடன் தட்டிய பூண்டு 200 கிராம், வெள்ளை உளுந்து 100 கிராம், கடுகு 50 கிராம், சீரகம் 50 கிராம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள்தூள், உப்பு, நறுக்கிய கறிவேப்பிலை ஆகியவற்றைப் பிசைந்து ஓரிரவு மூடி வைக்க வேண்டும். மறுநாள் காலையில் பிழிந்து உருண்டைகளாக்கி மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, பிழிந்த சாற்றையும் வீணாக்காமல் மாலையில் அதிலேயே உருண்டைகளை உதிர்த்துப் பிசைந்து மீண்டும் உருட்ட வேண்டும். சாறு முழுவதும் ஏறிய பிறகு, கையில் விளக்கெண்ணெய் தடவி உருட்டிப் பத்து நாள் வரை காயவிட்டால் கருத்துக் கடினமாகும். வடகம் காயும் நாள்களில் அண்டை வீட்டார் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கும் இரண்டு உருண்டைகள் கொடுத்துவிடுவது வழக்கம். பிறகு ஆண்டு முழுவதும் அரை உருண்டையை எண்ணெயில் உதிர்த்துப் பொரித்தால், கீரைக் கடைசலோ கத்திரிக்காய்ப் புளிக்குழம்போ எதுவானாலும் வெங்காயமும் பூண்டும் வதக்கும் வேலையும் செலவும் அற்றுப்போகும்.

மீனில் சிக்கனம் பிடிக்க நாளையும் வகையையும் மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ வஞ்சிரத்துக்கு நிற்பவர், அந்த நாளின் கூட்டத்துக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார். பல வீடுகள் அசைவம் தவிர்க்கும் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளிலும் புரட்டாசி மாதம் முழுவதும் மீன் விலை தணிந்திருக்கும். அதே புரட்டாசியில் காய்கறி ஏறுமாகையால் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாததால் பெரிய மீன் அரிதாகி விலை உயரும். அப்போதும் நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை என்பதால், கரையோரக் குப்பங்களில் காரப்பொடி, நெத்திலி, கவலை போன்ற பொடிமீன்கள் வந்துகொண்டிருக்கும்.

பொடிமீனுக்குக் காசைவிட நேரம்தான் அதிகம் செலவாகும். காரப்பொடி அரைக் கிலோவைத் தலை கிள்ளி, குடல் நீக்கி, கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவ அரைமணி நேரமாவது வேண்டும். பிறகு வேலை எளிது. வடகத்தைத் தாளித்து, பூண்டும் கிளிமூக்கு மாங்காய்த் துண்டுகளும் வதக்கி, இரண்டு எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, குழம்பு மிளகாய்த்தூளும் உப்பும் சேர்த்துக் கெட்டியாகக் கொதித்ததும் மீனைப் போட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் கொதிக்கவிட்டால் மீன் கரைந்துவிடும். கரண்டியால் கிளறாமல் சட்டியைத் துணியால் பிடித்து அசைக்க வேண்டும். காலையில் வைத்துவிட்டு இரவில் உண்பதே இதற்கு முறை. மீனே கிடைக்காத நாளில் கைப்பிடிச் சென்னாக்கூனியை, அதாவது காய்ந்த பொடி இறாலை, வெறும் சட்டியில் வறுத்து, கழுவி, கத்திரிக்காயோடு தொக்காக வைத்தால், நால்வர் சோற்றுக்கு அது போதும்.

இறைச்சியைப் பற்றி இரண்டொரு சொல் போதும். ஆட்டுக்கறிக்கு மாறாகப் போட்டி எனப்படும் ஆட்டுக்குடலும் இரத்தமும் மலிவானவை; போட்டியைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துச் சுரண்டிக் கழுவத் தெரிந்தவர் மட்டும் வாங்கவும். முட்டையை உடைத்து நேரடியாகக் கொதிக்கும் குழம்பில் ஊற்றினால், அவித்துப் போடும்போது செலவாகும் தனி எரிவாயு மிச்சம்.

மிஞ்சியதை உருமாற்றுவதில் சென்னைக்குப் பெயர் பெற்ற முன்மாதிரி சைதாப்பேட்டை வடைகறி. முந்தைய நாள் மசால்வடையை உதிர்த்து, பட்டை, சோம்பு தாளித்த வெங்காய மசாலாவில் கொதிக்கவிட்டால் இட்லிக்கு அருமையான துணை. வடிசோறு மிஞ்சினால், இரவு பத்து மணியளவில் மண்சட்டியில் போட்டு, சோறு மூழ்கும்வரை நீர் ஊற்றி மூடி வைக்க வேண்டும். காலையில் கைப்பிடி சோற்றைப் பிசைந்து, உப்பும் மோரும் விட்டு, சின்ன வெங்காயமும் முந்தைய நாள் மீன்குழம்பும் தொட்டுக்கொள்ளலாம். குக்கர் சோறு இதற்குக் குழைந்துவிடும். கோடையில் எட்டு மணிக்குள் உண்டு முடித்துவிட வேண்டும். பத்து மணியானால் நுரை கட்டிப் புளித்துவிடும்.