பார்சல் சென்னை 78-க்குப் போன கதை: இணையத்தில் வாங்கும்போது முகவரியில் நேரும் தவறுகள்

திருச்சி கே.கே. நகரில் இருக்கும் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை இணையத்தில் வாங்கி அனுப்பினேன். மூன்றாம் நாள் காலையில் டெலிவரி ஊழியர் ஒருவர் என்னை அழைத்து, "சார், இந்த ஏழாவது குறுக்குத் தெரு எங்க இருக்கு? அரை மணி நேரமா சுத்துறேன்" என்றார். அது திருச்சி முகவரியாயிற்றே என்று நான் சொன்னதும் ஒரு கணம் பேச்சில்லை. பிறகு, "சீட்டுல சென்னை 78-ன்னுதானே சார் இருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரி. நான் குடியிருப்பது சென்னை கே.கே. நகரில், அதன் பின்கோடு 600078. அம்மாவின் முகவரியைப் புதிதாகச் சேர்க்கும்போது, தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு, இப்போதைய இருப்பிடத்தைப் பயன்படுத்தும் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். பின்கோடும் ஊர்ப்பெயரும் தாமாகவே நிரம்பிவிட்டன. அதன் பிறகு கதவு எண்ணையும் தெருவையும் மட்டும் மாற்றினேனே தவிர, 620021 என்று இருந்திருக்க வேண்டிய கட்டத்தின் பக்கம் கண் போகவில்லை. பகுதியின் பெயர் இரண்டு ஊரிலும் ஒன்றே என்பதால் படித்துப் பார்த்தபோதும் உறுத்தவில்லை. பின்கோடும் ஊரும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்ததால் செயலியும் எந்த எச்சரிக்கையும் தரவில்லை.

முகவரியை நாம் ஒரே துண்டாக நினைத்துக்கொள்கிறோம். பார்சல் போகும் வழியில் அது இரண்டு கட்டமாக வாசிக்கப்படுகிறது. கிடங்கிலிருந்து வாங்குபவரின் பகுதியிலுள்ள டெலிவரி நிலையம் வரை பொருளை நடத்திச் செல்வது பின்கோடு. கதவு எண், அடையாளம், தொலைபேசி எண் ஆகியவற்றுக்கு அந்த நிலையத்திலிருந்து வண்டி கிளம்பிய பிறகுதான் வேலை. 1972 ஆகஸ்ட் 15 அன்று இந்திய அஞ்சல் துறை அறிமுகப்படுத்திய இந்த ஆறு இலக்க எண்ணில் முதல் இலக்கம் மண்டலத்தையும், முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து தபால் பிரிக்கப்படும் மாவட்டத்தையும், கடைசி மூன்று குறிப்பிட்ட அஞ்சல் நிலையத்தையும் குறிக்கின்றன. சென்னைக்கு 600, திருச்சிக்கு 620, மதுரைக்கு 625. ஆகவே கடைசி மூன்றில் பிழை என்றால் பொருள் பெரும்பாலும் அதே ஊரின் வேறொரு மூலைக்குப் போகும். முதல் மூன்றில் பிழை என்றால் ஊரே மாறிவிடும். அண்ணா நகர் சென்னையிலும் உண்டு, மதுரையிலும் உண்டு, கே.கே. நகர் சென்னை, திருச்சி, மதுரை மூன்றிலும் உண்டு. இப்படிப்பட்ட பகுதிகளில் வசிப்பவர்கள் தெருப்பெயரை விடவும் பின்கோட்டை இரண்டு முறை பார்ப்பது நல்லது.

மிகுதியாக நடக்கும் இன்னொரு தவறு, செயலியில் முன்பே சேமித்து வைத்த முகவரியால் வருவது. தங்கையின் பிறந்தநாளுக்குக் கோவைக்கு ஒரு புடவை அனுப்பியிருப்போம். அடுத்த மாதம் வீட்டுக்கு வாட்டர் ஃபில்டர் வாங்கும்போது, உடனே வாங்கும் பொத்தானை அழுத்தினால் அந்தக் கோவை முகவரியே மேலே நிற்கக்கூடும். வீடு மாறியவர்களின் நிலை இன்னும் மோசம். பழைய முகவரியை நீக்காமல் புதியதை மட்டும் சேர்ப்பதால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே பெயரில், முதல் வரி மட்டுமே தெரியும்படி நிற்கின்றன. வீட்டைக் காலி செய்யும் அன்றே, கேஸ் இணைப்பை மாற்றுவதைப் போல, எல்லா செயலிகளிலும் பழைய முகவரியை அடியோடு நீக்கிவிடுவதுதான் சரி. மீதமிருப்பவற்றுக்கு 'அம்மா, திருச்சி', 'அலுவலகம், கிண்டி' என்று நாமே பெயர் வைத்துவிட்டால் அவசரத்திலும் கண்ணில் படும்.

மளிகையையும் உணவையும் சில நிமிடங்களில் கொண்டுவரும் செயலிகளில் நிலைமை வேறு. அங்கே வண்டி ஓட்டுபவர் எழுத்தை அதிகம் பார்ப்பதில்லை. வரைபடத்தில் குத்தப்பட்ட புள்ளியைத்தான் பின்தொடர்கிறார். பேருந்தில் வரும்போது வீட்டுக்குப் பால் பாக்கெட் ஆர்டர் செய்து, புள்ளியை நகர்த்த மறந்தால், கதவு எண் எவ்வளவு சரியாக எழுதப்பட்டிருந்தாலும் பால் பேருந்து நின்ற சிக்னலுக்குத்தான் வந்து சேரும்.

கதவருகே நேரும் குழப்பங்கள் சிறியவை, ஆனால் நேரத்தைத் தின்பவை. சென்னையில் பல தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. ஒன்றை மட்டும் எழுதினால், அதே எண் கொண்ட வேறொரு வீடு நாலு வாசல் தள்ளி இருக்கும். இரண்டையும், எது பழையது எது புதியது என்ற குறிப்போடு எழுத வேண்டும். அடையாளத்துக்குக் கோயில், தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், ரேஷன் கடை போன்றவற்றைச் சொல்லலாம். டீக்கடையும் செல்போன் கடையும் ஆண்டுக்கு ஒருமுறை பெயர் மாறுகின்றன. தொலைபேசி எண்ணைப் பொறுத்தவரை, பொருளைப் பெறப்போகிறவரின் எண்ணைக் கொடுப்பதே முறை. ஆனால் ஓடிபி எந்த எண்ணுக்கு வரும் என்பது தளத்துக்குத் தளம் மாறுவதால், விலையுயர்ந்த பொருளை வேறொருவருக்கு அனுப்பும் நாளில் இருவருமே கைபேசியைப் பக்கத்தில் வைத்திருப்பது நல்லது.

தவறைக் கண்டுபிடித்த பிறகு செய்யும் தவறுகள்தான் உண்மையில் பணத்தைக் கரைப்பவை. பொருள் கிடங்கை விட்டுக் கிளம்பாத வரை, பல தளங்களில் ஆர்டர் பக்கத்திலேயே முகவரியைத் திருத்த முடியும். பெட்டியில் சீட்டு ஒட்டப்பட்டுவிட்டால், வழியிலிருக்கும் எல்லா ஸ்கேனர்களும் அந்தச் சீட்டை மட்டுமே நம்புகின்றன. கருவியைத் திருச்சிக்கு அனுப்பிவிடச் சொல்லி அந்த ஊழியரிடம் நான் கெஞ்சிப் பார்த்தேன். அவரால் அது முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த நிலையில் செய்ய வேண்டியது ஆர்டரைக் கேன்சல் செய்வது, அல்லது வாசலுக்கு வந்த பொருளை வாங்க மறுத்துத் திருப்பியனுப்புவது, பிறகு சரியான முகவரியில் புதிதாக ஆர்டர் போடுவது. பணம் திரும்பி வரச் சில நாட்கள் ஆகும். அதற்குப் பயந்து, "ஓடிபியைச் சொல்லுங்கள், நான் எப்படியாவது சேர்த்துவிடுகிறேன்" என்று யார் சொன்னாலும் எண்ணைச் சொல்லிவிடக் கூடாது. ஓடிபி பதிவான நொடியில் அந்தப் பொருள் உங்கள் கைக்கு வந்துவிட்டதாகவே கணக்கில் ஏறும்; அதன் பிறகு வரவில்லை என்று வாதாடுவது கடினம்.

இந்தப் பதற்றத்தைக் குறிவைக்கும் மோசடியும் உண்டு. 'உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லாததால் டெலிவரி செய்ய முடியவில்லை, 48 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் முகவரியைப் புதுப்பியுங்கள்' என்று இந்திய அஞ்சல் துறையின் பெயரில் உலவிய குறுஞ்செய்தி போலியானது என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அறிவித்திருக்கிறது. உண்மையிலேயே முகவரியைத் தவறாகக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் இந்தச் செய்தியைப் பார்த்தால் யோசிக்காமல் அழுத்திவிடுவார் என்பதுதான் அதன் சூழ்ச்சி. முகவரி தொடர்பான எந்த வேலையையும் வாங்கிய செயலிக்குள் சென்றே செய்ய வேண்டும். இணைப்பில் அட்டை விவரத்தைக் கொடுத்துவிட்டவர்கள் தாமதிக்காமல் வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்ல வேண்டும்.

இணைய விற்பனைத் தளங்களில் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்டர் வந்த பிறகு, வாங்கியவர் வாட்ஸ்அப்பில் வேறொரு முகவரியை அனுப்பி அங்கே அனுப்பச் சொன்னால், இரக்கப்பட்டு அனுப்பிவிடக் கூடாது. ஈபே, பேபால் போன்றவற்றில் விற்பனையாளருக்கான பாதுகாப்பு, ஆர்டரில் பதிவான முகவரிக்கு அனுப்பியவருக்கே கிடைக்கும். பொருள் வரவில்லை என்று பிறகு புகார் எழுந்தால், வேறிடத்துக்கு அனுப்பியதற்கான ரசீது உதவாது. ஆர்டரை ரத்து செய்து, சரியான முகவரியுடன் மீண்டும் போடச் சொல்வதே இருவருக்கும் பத்திரம்.

முகவரி சரியாக இருந்தும் பொருள் வேறு வீட்டுக்குப் போயிருந்தால் பொறுப்பு வாங்கியவருடையது அல்ல. பலர் இங்கே தொலைபேசியில் சண்டை போடுவதோடு நின்றுவிடுகிறார்கள். எழுத்தில் எதுவும் இருப்பதில்லை. ஆர்டரில் முகவரி தெரியும் பக்கம், விலைப்பட்டியல், டெலிவரி ஆகிவிட்டதாகக் காட்டும் டிராக்கிங் பக்கம், டெலிவரியின்போது எடுத்த படம் இருந்தால் அதுவும் என எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, செயலிக்குள்ளேயே எழுத்து மூலம் புகார் பதிய வேண்டும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அது நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது; பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். தவறு நம்முடையது என்றால் இந்த வழிகளில் பெரிய பலம் இருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பொருள் பழைய வீட்டில் ஒப்படைக்கப்பட்டுவிட்டால் முதலில் அங்கே இப்போது குடியிருப்பவரிடமோ வீட்டு உரிமையாளரிடமோ பேசிப் பார்ப்பதுதான் விரைவான வழி. பெரும்பாலானவர்கள் எடுத்து வைத்திருப்பார்கள். இதன் மறுபக்கமும் நடக்கும்: என் வீட்டுக்கே ஒருமுறை எதிர் பிளாக்கின் பார்சல் வந்தது. பெயர் நம்முடையதல்ல என்றால் பிரிக்காமல் வைத்து, சீட்டில் உள்ளவருக்கோ கொண்டுவந்தவருக்கோ தகவல் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே வைத்துக்கொள்வது, பிறர் சொத்தை நேர்மையின்றிக் கையாடுவதாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவில் குற்றமாகவே வரும். அன்று வந்தது ஒரு ஜோடிக் குழந்தைச் செருப்பு. மாலையில் அந்தக் குழந்தையே தாத்தாவோடு வந்து வாங்கிக்கொண்டு போனது.