கட்டியெழுப்பும் அணிக்கு விலை கூடிய பிட்சர் தேவையா? இந்த வாதத்தை உருப்படியாக நடத்தும் முறை

மட்டக்களப்பில் நவம்பர் பிறந்து மாரி பிடித்துவிட்டால் மைதானம் எல்லாம் குளம்தான், தை வரும் வரை பந்தைத் தொட வழியில்லை. அமெரிக்காவில் பேஸ்போல் அணிகள் ஆள் பிடிக்கிற காலமும் அதுவேதான். சீசனின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் முடிந்து ஐந்து நாள் போனதும், ஒப்பந்தம் முடிந்து வெளியே நிற்கும் வீரர்கள், அதாவது பிரீ ஏஜென்ட்கள், விரும்பிய எந்த அணியோடும் கையெழுத்து வைக்கலாம். சீசன் நேரத்தில் அதிகாலை 4.30க்கு எழும்பி, அங்கே நியூயோர்க்கில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் மேட்சை போனில் பார்க்கிற ஐந்து பேர் கல்லடியில் இருக்கிறோம். மாரியில் எங்களுக்கு மிஞ்சுவது வாதம் மட்டும்தான். அமெரிக்க விளையாட்டு இந்த ஊருக்கு அந்நியம் என்று யாரும் நினைக்க வேண்டாம், அமெரிக்காவிலிருந்து வந்த யேசுசபைத் துறவிகள் இங்கே கூடைப்பந்தை வளர்த்தவர்கள், எங்கள் வெபர் மைதானம் அவர்களில் ஒருவரான வெபர் அடிகளார் பெயரில்தான் நிற்கிறது.

ஒவ்வொரு வருடமும் வந்து நிற்கிற கேள்வி ஒன்றுதான். தோற்றுக்கொண்டே இருக்கிற, பழைய ஆட்களை அனுப்பிவிட்டு இளம் பெடியன்களை வைத்துத் தன்னைத் திரும்பக் கட்டியெழுப்புகிற ஒரு அணி, சந்தையில் நிற்கும் நல்ல பிட்சர் ஒருவருக்குக் கோடிக்கணக்கில் கொட்டலாமா கூடாதா? பிட்சர் என்றால் பந்து எறிபவர். தொடக்கப் பிட்சர் ஒருவர் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் எறிவார், 162 மேட்சில் அவருக்குக் கிடைப்பது முப்பதுக்குக் கொஞ்சம் முன்பின். இந்தக் கணக்கை வாதம் முடியும் வரை மறக்காதீர்கள்.

வாதத்தை எங்கே தொடங்குகிறீர்கள் என்பதில்தான் பாதி இருக்கிறது. "அவன் வந்தானெண்டா எல்லாரையும் வெளுத்து வாங்குவான் மச்சான்" என்று ஒருவர் தொடங்கினால் அந்த இரவு வீண், ஏனென்றால் அவர் நல்ல பிட்சர் என்பதில் பெரும்பாலும் யாருக்கும் சந்தேகம் இருக்காது. கேட்க வேண்டியது "எப்போது?" என்ற கேள்வியை. அந்தப் பிட்சர் நன்றாக எறியப்போகிற வருடங்களும் அந்த அணி வெல்லப்போகிற வருடங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா? ஒரு தாளில் இரண்டு கோடு கீறுங்கள். மேல் கோட்டில் ஒப்பந்த வருடங்களும் ஒவ்வொரு வருடமும் பிட்சரின் வயதும், கீழ்க் கோட்டில் அணியின் முக்கியமான இளம் வீரர்கள் எந்த வருடம் மேலே வருவார்கள் என்பதும். நாங்கள் இதைச் செய்யத் தொடங்கிய பிறகு சத்தம் பாதியாகக் குறைந்தது.

வயதை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே உச்ச மட்டமான மேஜர் லீக்கில் ஆறு வருடச் சேவை முடிந்தால்தான் ஒரு வீரர் பிரீ ஏஜென்ட் ஆகலாம், ஆகவே சந்தைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் முப்பதை ஒட்டியவர்கள். நீங்கள் வாங்குவது அவர் ஏற்கெனவே எறிந்த பந்துகளை அல்ல, முப்பது தாண்டி எறியப்போகிற பந்துகளை. அதற்கு மேல் முழங்கை. 1974இல் டொக்டர் ஃபிராங்க் ஜோப், டொமி ஜோன் என்ற பிட்சரின் முழங்கைத் தசைநாரை மாற்றி வைத்ததிலிருந்து அந்தச் சத்திரசிகிச்சைக்கே அவருடைய பெயர்தான். அதைச் செய்துகொண்டவர் திரும்பி வர ஒரு வருடமாவது, பல வேளை ஒன்றரை வருடம் போகும்.

இந்த 'எப்போது' எனக்கு விளங்கியது பேஸ்போலில் அல்ல. எங்கள் கிரிக்கெட் கழகத்தில் ஒரு வருடம் மூத்தவர்கள் நாலைந்து பேர் கட்டாருக்கும் துபாய்க்கும் போய்விட, மிஞ்சியது பத்தொன்பது வயதுப் பெடியன்கள். ஒரு சுற்றுப்போட்டிக்காகக் காசு சேர்த்து வெளியூரிலிருந்து வேகப்பந்து வீச்சாளர் ஒருவரைக் கொண்டுவந்தோம். இரண்டு மேட்ச் வென்று தந்தார், மூன்றாவதில் வெளியேறினோம், அவரும் போய்விட்டார். அந்த ஓவர்களை வீசியிருக்க வேண்டிய எங்கள் பெடியன் எல்லைக்கோட்டில் நின்று சலித்து அடுத்த வருடம் வேறு கழகத்துக்குப் போனான், இன்றைக்கும் அங்கேதான் வீசுகிறான். மறுகா இன்னொரு வருடம், வயது போன சுழல்பந்து வீச்சாளர் ஒருவரைக் குறைந்த செலவில் எடுத்தோம். அவர் பெரிதாக விக்கெட் எடுக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு பின்னேரமும் நின்று பெடியன்களுக்குப் பந்தைப் பிடிக்கிற விதத்தைக் காட்டிக்கொடுத்தார், அதில் இரண்டு பேர் இப்போது எங்கள் முதல் அணியில். ஆகவே 'வெளியாள் வேண்டாம்' என்பதும் என் முடிவல்ல. எந்த நேரத்தில், எந்த வேலைக்கு என்பதைச் சொல்லாமல் யாரும் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லக் கூடாது.

சரி, உதாரணம் இல்லாமல் வாதம் இல்லை. ஆனால் உதாரணத்தைத் தெரிந்தெடுக்கும்போது உங்கள் பக்கத்துக்குச் சாதகமானதை மட்டும் தூக்கிவராதீர்கள். நான் எப்போதும் சொல்வது சிக்காகோ கப்ஸ் கதையை, ஏனென்றால் அதில் இரண்டு பக்கமும் இருக்கிறது. 2012இல் 101 மேட்ச் தோற்ற அணி அது. அந்தக் குளிர்காலத்தில் இரண்டு பிட்சர்களை எடுத்தார்கள். எட்வின் ஜக்சனுக்கு 4 வருடம், 52 மில்லியன் டொலர். ஸ்கொட் ஃபெல்ட்மனுக்கு 1 வருடம், 6 மில்லியன். ஜக்சன் 2013இல் 8 வென்று 18 தோற்றார், ஒப்பந்தம் முடிய முன்பே 2015இல் அவரை விடுவித்தார்கள். ஃபெல்ட்மன் அரை சீசன் ஒழுங்காக எறிந்தார், யூலை பிறந்ததும் பால்டிமோர் ஓரியோல்ஸுக்கு அவரைக் கொடுத்து ஜேக் அரியெட்டாவையும் பெட்ரோ ஸ்ட்ரோப்பையும் வாங்கினார்கள். அப்போது அரியெட்டாவை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 2015இல் அவருக்கு லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, 2016 உலகத் தொடரில் இரண்டு மேட்ச் வென்று கொடுத்தார், 1908க்குப் பிறகு கப்ஸ் கிண்ணம் தூக்கியது. ஒரே அலுவலகம், ஒரே குளிர்காலம், இரண்டு கையெழுத்து. குறைந்த காசுக்கு எடுத்த, ஒரு வருடத்தில் முடிகிற ஒப்பந்தம்தான் பெரிய பலனைத் தந்தது.

அதே கப்ஸ் 2014 டிசம்பரில் ஜோன் லெஸ்டருக்கு 6 வருடம், 155 மில்லியன் கொடுத்தது. அந்த சீசனில் அவர்கள் 89 மேட்ச் தோற்றிருந்தார்கள், 'இன்னும் தோற்கிற அணிக்கு எதற்கு இது' என்று கேட்க இடம் இருந்தது. ஆனால் இளம் அடிகாரர்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள், அடுத்த வருடமே 97 வெற்றி. இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடம் அது. 2012இல் பிழையாகப் போயிருக்கக்கூடியது 2014இல் சரியாகிவிட்டது. நான் சொல்ல வருவது இதைத்தான்.

அடுத்து ஒப்பந்தத்தைப் பிரித்து வாசியுங்கள். மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கத்துவது வீடு வாங்கும்போது உறுதியை வாசிக்காமல் விலையை மட்டும் கேட்பது போல. இடையில் விலகிப்போகும் உரிமை வீரருக்கு இருக்கிறதா? இருந்தால், நன்றாக எறிந்தால் அவர் போய்விடுவார், மோசமாக எறிந்தால் உங்களோடேயே இருப்பார். சில அணிகளுக்குத் தன்னை மாற்றக் கூடாது என்று மறுக்கும் உரிமை இருக்கிறதா? அவரை எடுப்பதால், வருடாவருடம் அணிகள் முறை வைத்து ஆள் எடுக்கும் இளம் வீரர் தெரிவில் உங்களுக்கு ஒரு இடம் பறிபோகுமா? கட்டியெழுப்பும் அணிக்கு அந்த இடம் காசை விடப் பெறுமதி.

டெட்ரொய்ட் டைகர்ஸ் இதற்குப் பாடப்புத்தகம் மாதிரி. 2021 நவம்பரில் எடுவார்டோ ரொட்ரிகஸுக்கு 5 வருடம், 77 மில்லியன், இரண்டாம் வருடம் முடிய விலகும் உரிமை, சில அணிகளை மறுக்கும் உரிமை. 2023 ஓகஸ்ட் தொடக்கத்தில், வீரர் மாற்றத்துக்கான கெடு நேரத்தில், அவரை டொட்ஜர்ஸுக்கு மாற்ற ஏற்பாடு நடந்தபோது அவர் மறுத்தார், சீசன் முடிந்ததும் விலகியும் போனார், டைகர்ஸ் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எழுதிக் கொடுத்த உரிமையை அவர் பாவித்தார். அந்தக் குளிர்காலத்திலேயே அதே டைகர்ஸ் ஜாக் ஃபிளாஹெர்ட்டியை ஒரே வருடத்துக்கு, 14 மில்லியனுக்கு எடுத்தது. 2024 யூலை 30இல் அதே டொட்ஜர்ஸுக்குக் கொடுத்து இரண்டு இளம் வீரர்களை வாங்கியது. அதில் ஒருவர் ட்ரே ஸ்வீனி, அந்த ஒக்டோபரிலேயே டைகர்ஸுக்காகப் பிளேஓஃபில், அதாவது சீசன் முடிந்து நடக்கும் வெளியேற்றச் சுற்றில், இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷோர்ட்ஸ்டொப்பாக ஆடினார். 2014க்குப் பிறகு டைகர்ஸ் பிளேஓஃப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆகவே 'எடுக்கலாம்' என்று வாதிடுகிறவரிடம் நான் கேட்கிற இரண்டாவது கேள்வி: யூலை கடைசியில் நீங்கள் தோற்றுக்கொண்டிருந்தால் இவரை யாருக்கு, எந்தத் தடையும் இல்லாமல் கொடுக்கலாம்?

'எடுக்கவே கூடாது' என்கிற பக்கத்துக்கும் கடினமான கேள்வி வேண்டும். அவர்கள் வழக்கமாகச் சொல்வது, தோற்றால் நல்லது, அடுத்த வருடம் முதல் தெரிவு கிடைக்கும் என்று. 2023இலிருந்து முதல் ஆறு இடமும் லொத்தரில்தான், மிக மோசமான மூன்று அணிகளுக்கும் முதல் இடத்துக்கான வாய்ப்பு ஆளுக்கு 16.5 வீதம்தான். 2024இல் சிக்காகோ வைட் சொக்ஸ் 121 மேட்ச் தோற்றும் அடுத்த தெரிவில் 10ஆவது இடம்தான் கிடைத்தது, ஏனென்றால் பெரிய சந்தை அணிகள் அடுத்தடுத்த இரண்டு வருடம் லொத்தரில் நிற்க முடியாது. தோல்வியை ஒரு திட்டம் என்று சொல்கிறவரிடம் இந்த எண்ணை வையுங்கள். இன்னொன்றும் உண்டு, 2023இல் 106 தோல்வி கண்ட கன்சாஸ் சிற்றி ரோயல்ஸ் சேத் லூகோவுக்கு 3 வருடம் 45 மில்லியனும் மைக்கல் வாக்காவுக்கு 2 வருடம் 32 மில்லியனும் கொடுத்தது, 2024இல் 86 வெற்றியோடு பிளேஓஃபுக்குப் போனது. அங்கே பொபி விற் ஜூனியர் என்ற பெரிய இளம் அடிகாரர் ஏற்கெனவே நின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாதிக் கதை.

எண்களைப் பற்றிச் சுருக்கமாக. வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் கொண்டுவராதீர்கள், 2018இல் ஜேக்கப் டிகுரோம் 10 வென்று 9 தோற்றவர், அந்த வருடம் அவருடைய ஈ.ஆர்.ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குத் தன் பொறுப்பில் அவர் கொடுத்த ஓட்டம், 1.70தான், சை யங் விருதும் அவருக்குத்தான். கடைசி மூன்று வருடம் எத்தனை இன்னிங்ஸ் எறிந்தார், எத்தனை பேரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றி ஸ்ட்ரைக்அவுட் ஆக்கினார், பிழையாக எறிந்து எத்தனை பேரைச் சும்மா முதல் பேஸுக்கு நடக்க விட்டார், வேகம் ஏறுகிறதா இறங்குகிறதா. இந்த நான்கும் போதும்.

டிகுரோம் பெயர் வந்ததால் ஒரு பயிற்சி. 2021இல் 102, 2022இல் 94 மேட்ச் தோற்ற டெக்சாஸ் ரேஞ்சர்ஸ், 34 வயதான அவருக்கு 5 வருடம், 185 மில்லியன் கொடுத்தது. 2023இல் ஆறே ஆறு மேட்ச் தொடங்கினார், முழங்கை போய்விட்டது, சத்திரசிகிச்சை. அதே வருடம் ரேஞ்சர்ஸ் உலகத் தொடரை வென்றது! 2 வருடம் 34 மில்லியனுக்கு வந்த நேதன் இயோவால்டி பிளேஓஃபில் ஐந்து மேட்ச் வென்றார். இப்போது சொல்லுங்கள், ரேஞ்சர்ஸ் எந்தப் பக்கத்துக்குச் சாட்சி? எங்கள் ஐந்து பேருக்குள் இதற்கு இன்னும் முடிவில்லை. புதிதாக வருகிற தம்பிமாருக்கு இதைத்தான் முதலில் கொடுக்கிறோம், முதல் அரை மணித்தியாலம் ஒரு பக்கம் பேசிவிட்டு அடுத்த அரை மணித்தியாலம் மற்றப் பக்கம் பேச வேண்டும். தன் பக்கத்தை மாற்றிப் பேச முடியாதவருக்கு இன்னும் விசயம் விளங்கவில்லை என்றுதான் நான் எடுப்பேன்.

கடைசியாக, கையெழுத்து வைப்பதற்கு முன்பே உங்கள் முடிவை எழுதுங்கள். எத்தனை வருடம், எவ்வளவு காசு வரை போகலாம், எந்த வருடம் அணி வெல்லும் என்று நினைக்கிறீர்கள், எது நடந்தால் நீங்கள் பிழை என்று ஒத்துக்கொள்வீர்கள். பிறகு 'நான் அப்பவே சொன்னன்' என்று யாரும் சொல்ல முடியாது, சொன்னது தாளில் இருக்கும். நாங்கள் ஆளுக்கொரு தாள் எழுதி, மடித்து, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடுவோம். யூலை கடைசியிலோ ஓகஸ்ட் தொடக்கத்திலோ வீரர் மாற்றத்துக்கான கெடு முடிந்த பின்னேரம், கச்சான் காற்று வீசிக்கொண்டிருக்க, கடற்கரையில் வைத்து டின்னைத் திறப்போம். தாள் பறக்காமல் பிடிக்க ஒரு ஆள், சத்தமாக வாசிக்க ஒரு ஆள். எழுதியவர் தன் தாளைத் தானே வாசிக்கக் கூடாது.