சாறு செல்லைக் கொன்றது, சரி. அப்புறம்? மூலிகை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தட்டில் வளரும் புற்றுநோய் செல்களில் ஒரு மூலிகைச் சாற்றைச் சேர்க்கிறோம். இரண்டு நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் உருண்டு மிதக்கின்றன. அப்போது வரும் மகிழ்ச்சி சாதாரணமானதல்ல, எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் செறிவான உப்புக் கரைசலை ஊற்றினாலும் அந்தச் செல்கள் அப்படித்தான் மிதக்கும். தட்டில் இருப்பதைக் கொல்வது சுலபம். எவ்வளவு கொடுத்தபோது செத்தது, சாற்றில் உள்ள எது கொன்றது, நல்ல செல்லுக்கு என்ன ஆயிற்று? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத முடிவை வைத்துக்கொண்டு அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது.

முதல் தவறு சோதனைக்கூடத்துக்கு வெளியிலேயே நடந்துவிடுகிறது. பொடியாக வாங்கிய மூலிகையை, பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும் பெயரை நம்பி ஆய்வுக்கு எடுப்பதைச் சொல்கிறேன். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடை குறைக்கக் கொடுத்த மூலிகை மருந்தில், ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா என்ற செடி இருக்க வேண்டிய இடத்தில் அரிஸ்டோலோகியா ஃபாங்சி என்ற நச்சுச் செடி வந்துவிட்டது. இரண்டின் சீனப் பெயர்களும் கிட்டத்தட்ட ஒன்று. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. பூவோடும் இலையோடும் செடியைப் பறித்து, தாவரவியலாளரிடம் காட்டி உறுதி செய்து, ஒரு மாதிரியை உலர்தாவரச் சேகரிப்பகத்தில் எண்ணோடு வைத்துவிட வேண்டும். எந்தப் பாகம், எந்த மாதம், எங்கே பறித்தது என்பதையும் குறித்து வையுங்கள். அதே செடியில் அடுத்த பருவம் வேறு வேதிப்பொருள்கள் கூடியிருக்கலாம்.

சாறு எடுக்கும் முறையையும் பழக்கத்துக்கு விட்டுவிடக் கூடாது. மலேரியாவுக்கான ஆர்டெமிசினின் என்ற மருந்தைத் தேடிய சீன விஞ்ஞானி தூ யூயூவின் குழு கொதிக்க வைத்து எடுத்த சாறுகளில் பலன் கிடைக்காமல் திணறியது. 1971-இல் குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு எடுத்தபோதுதான் மருந்து கிடைத்தது. செடி அதேதான், மாறியது எடுத்த விதம். ஒரே கரைப்பானில் எடுத்துப் பார்த்துவிட்டு ‘இந்தச் செடியில் ஒன்றுமில்லை’ என்று முடிவு கட்டுவது அவசரம். இன்னொரு பக்கம், கரைப்பானே கொலையாளியாக இருக்கலாம். சாற்றைக் கரைக்கப் பயன்படுத்தும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் பல வகைச் செல்கள் அதனாலேயே வாடும். 0.5 சதவீதத்துக்குள், முடிந்தால் 0.1-க்குள் வைத்துக்கொண்டு, சாறு இல்லாமல் அதே அளவு கரைப்பான் மட்டும் சேர்த்த குழிகளையும் (தட்டில் செல்கள் வளரும் சிறு கிண்ணங்கள்) பக்கத்தில் வைக்க வேண்டும்.

பாக்டீரியா தட்டில்

காகித வட்டில் சாற்றை ஊற வைத்து, பாக்டீரியா வளரும் கூழான அகார் தட்டில் வைத்து, சுற்றிலும் விழும் தெளிந்த வளையத்தை மில்லிமீட்டரில் அளக்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். மலிவானது, அழகாகப் படமும் எடுக்கலாம். அதனால்தான் தவறுகள் இங்கே அதிகம். வளையத்தின் அளவு சாற்றின் வலிமையை மட்டும் காட்டுவதில்லை. சாற்றிலுள்ள பொருள் அகாரில் எவ்வளவு தூரம் பரவியது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. எண்ணெய்ப் பசையுள்ள பொருளும் பெரிய டானின் மூலக்கூறும் வட்டை விட்டு நகரவே சிரமப்படும். வலுவான சாறு சின்ன வளையம் தரலாம், சுமாரான சாறு பெரிய வளையம் தரலாம். ஆகவே 18 மில்லிமீட்டர் தந்த செடி 12 தந்த செடியைவிட மேல் என்று எழுதாதீர்கள். அகாரின் தடிமன் 4 மில்லிமீட்டரிலிருந்து மாறினாலே வளையமும் மாறிவிடும்.

வளையம் முதல் வடிகட்டலுக்கு மட்டும் போதும். அதன் பிறகு திரவ ஊடகத்தில் சாற்றைப் படிப்படியாக நீர்க்க வைத்து, வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். எம்ஐசி என்பது இதுதான். தொடக்கத்தில் ஒரு மில்லிக்குச் சுமார் 5 லட்சம் பாக்டீரியா இருக்க வேண்டும். கண்ணளவில் கலக்கிக் குறைவாகப் போட்டால் எந்தச் சாறும் வீரனாகத் தெரியும்.

எம்ஐசி வந்ததும் அந்த எண்ணை நேர்மையாகப் பார்க்க வேண்டும். முழுச் சாற்றுக்கு ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் கவனிக்கத் தக்கது. 50 மில்லிகிராமில் வேலை செய்தது என்றால் அது 500 மடங்கு அதிகம். அந்தச் செறிவில் சாற்றின் புளிப்போ உப்போகூட பாக்டீரியாவை அடக்கிவிடும். ஒப்பிட ஒன்று: சோதனைக்கூடங்களில் வழக்கமாக வைத்துக்கொள்ளும் ஈ.கோலை வகை ஒன்றை சிப்ரோஃப்ளாக்சசின் 0.016 மைக்ரோகிராமிலேயே நிறுத்திவிடும். தெரிந்த மருந்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காத எம்ஐசிக்கு அர்த்தமே இல்லை.

சாற்றால் வெள்ளி நானோ துகள் செய்து ‘மூலிகை பாக்டீரியாவைக் கொன்றது’ என்று எழுதுபவர்கள் நிறைய. வெள்ளி தானாகவே பாக்டீரியாவைக் கொல்லும். சாறு மட்டும், வெள்ளி நைட்ரேட் மட்டும் என்று தனித்தனியாக வைத்துப் பார்க்காமல் அந்தப் பெருமையை மூலிகைக்குக் கொடுக்க முடியாது.

புற்றுநோய் செல்களில்

எம்டிடி சோதனையில் உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும். ஊதா குறைந்தால் செல் செத்தது என்று கணக்கு. ஆரம்ப நாட்களில் ஒரு சாற்றை எவ்வளவு கூட்டினாலும் ஊதா குறையவே இல்லை, கூடியது. செல்கள் செழிப்பாக வளர்கின்றன என்று எழுதி வைத்துவிட்டு, நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு செல்கூடத் தட்டில் ஒட்டியிருக்கவில்லை. சாற்றிலிருந்த ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகளே சாயத்தை ஊதாவாக்கியிருந்தன. பல செடிகளில் இருக்கும் குவெர்செட்டினும் வைட்டமின் சியும் செல்லே இல்லாமல் இதைச் செய்யும். ஆகவே சாறும் சாயமும் மட்டும் உள்ள, செல் இல்லாத குழிகளை ஒவ்வொரு செறிவுக்கும் வையுங்கள். சாயம் சேர்க்கும் முன் சாற்றை உறிஞ்சி எடுத்து ஒரு முறை கழுவுங்கள். சாயத்தை நம்பாத இன்னொரு முறையாலும் சரிபாருங்கள்.

செல்லே வேறாக இருக்கும் ஆபத்தும் உண்டு. எம்டிஏ-எம்பி-435 என்ற செல் வரிசையை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் ஒரே வகைச் செல்கள்) மார்பகப் புற்றுநோய் என்று நம்பிப் பல ஆண்டுகள் ஆய்வுகள் நடந்தன. மரபணுவைப் பார்த்தபோது அது மெலனோமா, அதாவது தோலின் நிறமிச் செல்களில் வரும் புற்றுநோய் என்று தெரிந்தது. 1951-இல் ஒரு பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து எடுக்கப்பட்ட ஹீலா செல்கள் எத்தனையோ வரிசைகளில் புகுந்து அவற்றை அழித்துவிட்டுத் தாங்களே வளர்ந்திருக்கின்றன. பக்கத்து ஆய்வகத்திலிருந்து குப்பியில் வாங்கி வந்ததை மரபணு அடையாளச் சோதனைக்கும் செல்களில் தெரியாமல் ஒளிந்து வளரும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான சோதனைக்கும் அனுப்பாமல் தொடங்க வேண்டாம்.

நல்ல செல்லை மறப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. புற்றுநோய் செல்லில் பாதியைக் கொல்லும் அளவு 20 மைக்ரோகிராம், சாதாரணச் செல்லிலும் அதே 20 என்றால் நம் கையில் இருப்பது மருந்தல்ல, நஞ்சு. இரண்டையும் ஒரே நாளில், ஒரே சாற்றில் பார்க்க வேண்டும். ஒரே தட்டில் மூன்று குழிகள் வைத்து ‘மூன்று முறை செய்தேன்’ என்று எழுதுவதும் கூடாது. அது ஒரு சோதனைதான். வேறு வேறு நாளில் புதிதாக வளர்த்த செல்களில் செய்தால்தான் மூன்று.

தட்டிலிருந்து உடலுக்கு

மஞ்சளிலுள்ள குர்குமின் தட்டில் வேலை காட்டுவது பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோலார் (செறிவை அளக்கும் அலகு) அளவில். நாளுக்கு 8 கிராம் விழுங்க வைத்துப் பார்த்த ஆய்வில்கூட, இரத்தத்தில் அதன் சராசரி உச்ச அளவு 2 மைக்ரோமோலாரைத் தொடவில்லை. போதாக்குறைக்கு அது கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டும், தானாக ஒளிரும், ஊடகத்தில் விரைவில் சிதையும். இதனால் பல சோதனைகளில் பொய்யான வெற்றி தெரியும். தட்டில் தேவைப்பட்ட அளவு உடலில் எட்டக்கூடியதா என்ற கணக்கைக் கட்டுரையின் கடைசி வரிக்குத் தள்ளாமல் முதலிலேயே போட்டுப் பார்ப்பது நல்லது.

செடிகளிலிருந்து மருந்து வராது என்று நான் சொல்லவில்லை. கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பீரும் நித்தியகல்யாணியை நீரிழிவுக்காகத்தான் சோதித்தார்கள். வாய்வழி கொடுத்தபோது எலிகளின் சர்க்கரை அசையவில்லை. ஊசி வழி கொடுத்தபோது எலிகள் பாக்டீரியா தொற்றில் செத்தன. சோதனை கெட்டுவிட்டது என்று அவர்கள் அதைத் தூக்கிப் போடவில்லை. ஏன் தொற்று வந்தது என்று தேடி, வெள்ளை அணுக்கள் சரிந்திருப்பதைக் கண்டார்கள். அந்தத் தேடலில் 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்து வெளிவந்தது. வெள்ளை அணுக்களைச் சரித்த அதே குணம் இரத்தப் புற்றுநோய்க்கு எதிராகப் பயன்பட்டது. அதன் உறவுப் பொருளான வின்கிரிஸ்டினை ஒரு முறைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பது அரிது. கூடினால் நரம்புகள் பாதிக்கப்படும். இலையில் அது மிக மிகக் குறைவு, செடிக்குச் செடி மாறவும் செய்யும். ஆகவே நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடிப்பது அந்த மருந்தை எடுத்துக்கொள்வது ஆகாது.

சிகிச்சையில் இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். எந்த மூலிகை எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இரினோடெக்கான் என்ற புற்றுநோய் மருந்தின் மூலமே ஒரு மரம்தான். அந்த மருந்து எடுத்தவர்களுக்கு செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, உடலில் புற்றுநோயைத் தாக்க வேண்டிய பொருளின் அளவு 42 சதவீதம் குறைந்துபோனது.