ஸ்ப்ரிகினாவின் உயிர்ச்சுவட்டை வீட்டிலேயே அச்செடுப்பது எப்படி?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கருங்கல்லை எவ்வளவு உடைத்தாலும் உயிர்ச்சுவடு கிடைக்காது. அது விஜயன் தொகுதி என்ற பாறைக் கூட்டத்தைச் சேர்ந்த உருமாறிய பாறை. ஆழத்தில் வெந்து நசுங்கிய கல்லில் சுவடு தங்காது. ஆனால் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மணல் மூடிய ஸ்ப்ரிகினா என்ற சிறு கடல் விலங்கின் பதிவு உண்டான விதத்தை நாமே செய்து பார்க்கலாம்.

புவியியலாளர் ரெக் ஸ்ப்ரிக் 1946இல் தென் அவுஸ்திரேலியாவின் எடியாக்கரா குன்றுகளில் அந்தப் பழங்காலத்துச் சுவடுகளைக் கண்டார். 1958இல் தொல்லுயிர் ஆய்வாளர் மார்ட்டின் கிளெஸ்னர் இந்த விலங்குக்கு ஸ்ப்ரிக்கின் பெயரை வைத்தார். ஸ்ப்ரிகினிடே என்ற குடும்பப் பெயரும் அதிலிருந்தே வந்தது. உண்மை நீளம் 3 முதல் 5 செ.மீ. நாம் 8 செ.மீ. அளவில் செய்வோம்.

1. 12 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், சட்டி பானை செய்யும் களியை 1 செ.மீ. தடிப்புக்குச் சமமாக அழுத்துங்கள். இதுதான் கடலடி. பெட்டிச் சுவரில் மட்டும் தேங்காயெண்ணெய் தடவுங்கள், ஈரக்களிக்குத் தேவையில்லை.

2. இன்னும் கொஞ்சம் களியில் 8 செ.மீ. நீளத் தட்டையான உடலைச் செய்து, கடலடியின் மேல் புடைத்து நிற்க ஒட்டுங்கள். தலை குதிரை லாடம் போல வளைந்திருக்கட்டும். உடல் வால் பக்கம் ஒடுங்கட்டும். ஈர்க்கால் நடுக்கோடு போட்டு, இடப்பக்கம் 3 மி.மீ.க்கு ஒரு கோடாகக் கண்டங்களை (உடலின் துண்டுகளை) கீறுங்கள். வலப்பக்கம் கவனம்! அங்கே ஒவ்வொரு கோடும் 1.5 மி.மீ. பின்தள்ளி வர வேண்டும். பலர் இரு பக்கத்தையும் நேருக்கு நேர் கீறிவிடுவார்கள். அப்படிச் செய்தால் அது வெறும் மட்டைத்தேள். பல சுவடுகளில் இரு பக்கக் கண்டங்களும் மாறிமாறித்தான் தெரிகின்றன. இது புழுவா, கணுக்காலியின் உறவா, இரண்டும் இல்லையா என்ற வாதம் ஓயாததற்கு இதுவும் ஒரு காரணம்.

3. 100 மி.லீ. தண்ணீரில் 200 மி.லீ. பிளாஸ்டர் ஒஃப் பரிஸைத் தூவுங்கள். தூளின் மேல் தண்ணீர் ஊற்றினால் கட்டி கட்டும். பிறகு மணல் 2 மேசைக்கரண்டி. கல்லடிக் கடற்கரை மணலானால் நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசுங்கள். உப்பிருந்தால் ஊற்றுமுன்பே கலவை இறுகிவிடும். மூலையிலிருந்து மெல்ல ஊற்றி, பெட்டியைத் தட்டிக் காற்றுக்குமிழியை வெளியேற்றுங்கள். மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துவிடும்.

4. இறுகும்போது சூடாகும். சூடு முழுதாக ஆறியபின் கவிழ்த்துக் களியை உரியுங்கள். ஒட்டிய களியை ஈரத் தூரிகையால் எடுங்கள். ஊசியால் சுரண்டினால் கோடுகள் போய்விடும்.

விலங்கு புடைத்து நிற்காமல் பள்ளமாக, பிளாஸ்டர் பலகையின் அடிப்பக்கத்தில் தெரியும். எடியாக்கராவிலும் மணற்கல் படுகையின் அடியில்தான் இப்படிப் பதிந்திருக்கிறது. நேர்வெளிச்சத்தில் கோடுகள் மங்கும்; டோர்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால் ஒவ்வொரு கண்டமும் நிழலோடு எழும். மாரியில் காய ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும். அதற்குமுன் நிறம் பூசினால் உரிந்துவரும்.